வழக்கு நாள் ஏழை

ஏழைகளில் பல வகை உண்டு. பிறவி ஏழை, மழையில் உருளைக்கிழங்கு அழுகியதால் ஏழை, மகளைக் கட்டிக்கொடுத்து ஏழை. இவர்களை நீங்கள் அறிவீர்கள். நான் சொல்லவந்தது வழக்கு நாள் ஏழையைப் பற்றி. விவாகரத்து முடிந்த பிறகு, முன்னாள் மனைவி வாழ்க்கைச் செலவுக்குத் தாபரிப்புக் கேட்டு மனுப் போட்டிருக்கிறாள் என்ற செய்தி காதில் விழுந்த நொடியில் இந்த இனம் பிறக்கிறது. வழக்குத் தவணை நாள் விடிந்ததும் வறுமை வரும். நீதிமன்ற வாசலைத் தாண்டியதும் போய்விடும். காய்ச்சல்கூட இவ்வளவு ஒழுங்காக வந்துபோவதில்லை.

மலையகத்து லிந்துலை ஊர் அழகனைப் பாருங்கள். மரக்கறி வியாபாரி. இரண்டு லொறி, மாடி வீடு, வெயிலிலும் கழற்றாத தோல் ஜாக்கெட். அந்த வியாபாரத்துக்கு முதல் போட்டது மனைவி நாகலெட்சுமி தேயிலைக் கொழுந்து பறித்த சம்பளம். கொழுந்து சுமந்து சுமந்து தோள்பட்டை தேய்ந்து, அவளுக்குக் கை தூக்க முடியாமல் போன பிறகுதான், இருவருக்கும் மனம் ஒத்துப்போகவில்லை என்பதை அழகன் கண்டுபிடித்தார். விவாகரத்து ஆனது. அவள் தோட்டத்தில் அண்ணனின் ஒற்றை அறை லயத்துக் காம்பராவில் ஒதுங்கினாள். வேலை இல்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்தபடியே சோற்றை விழுங்கினாள்.

"எல்லாம் முடிஞ்சு போச்சே, இனிமே போயிக் கேக்கலாமாங்க?" என்று சட்டத்தரணி சிவனேஸ்வரியிடம் கேட்டாள்.

"கேட்டுப் பாப்பம். முடிவு நீதிபதியின்ர கையில. நீங்கள் பயப்பிடாதேங்கோ" என்றார் யாழ்ப்பாணத்துக்காரரான அவர்.

தவணை வந்தது. அழகனும் வந்தார். வந்தாரா? ஜாக்கெட்டை டிரைவருக்குப் போட்டுவிட்டு, டிரைவரின் கிழிந்த சுவெட்டரைத் தான் மாட்டிக்கொண்டு, லொறியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, சவரம் செய்யாத முகமும் ஜோடி சேராத செருப்புமாக, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். வெளியே டிரைவரை எல்லோரும் "முதலாளி" என்று கூப்பிட்டார்கள். உள்ளே அழகன் பேச்சுக்கு ஒரு தரம் இருமினார். மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் நீதிபதிக்குச் சிங்களத்தில் சொன்னார், இருமலைத் தவிர.

"லொறி இருக்கிறதா?" என்று நீதிபதி கேட்டதை அவர் தமிழில் சொன்னார்.

"லொறியா? அதெல்லாம் கூட்டாளியோடதுங்க ஐயா. நான் மூட்டை தூக்குறவன். இப்ப அதுக்கும் தெம்பில்லீங்க."

நாகலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு கணம் அவளுக்கே அவர்மேல் இரக்கம் வந்துவிட்டதாம். அப்படிப்பட்ட நடிப்பு!

ஆனால் அழகன் மறுமணத்துக்கும் பெண் பார்த்திருந்தார். இறம்பொடையில் பெண். அவள் அப்பா கந்தப்பன், மாப்பிள்ளையின் பழைய வழக்கு எப்படி முடிகிறது என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வந்து பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். "மூட்டை தூக்குறவன்" என்ற சொல் அவர் காதில் விழுந்தது. எழுந்துவிட்டார்.

"என்னங்க மாப்பிள்ள! லொறி முதலாளின்னுதானே பொண்ணு கேட்டீங்க?"

"உட்காருங்க!" என்று பொலிஸ்காரர் அதட்டினார். அதற்குள் அழகன் திரும்பிப் பார்த்துவிட்டார். இந்தப் பக்கம் நீதிபதி, அந்தப் பக்கம் மாமனார். பாவம், மனிதர் எத்தனை பேருக்குத்தான் ஏழையாக இருப்பார்? கூன் நிமிர்ந்தது. இருமல் நின்றது.

"யாருங்க இல்லேன்னது? மூணு லொறி இருக்கு!"

இரண்டுதான். பெருமையில் ஒன்று கூடிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் இதையும் சொன்னார். நீதிபதி பேனாவை எடுத்தார். மாதாமாதம் தாபரிப்புக் கட்ட வேண்டும் என்று கட்டளை வந்தது, மூன்று லொறிக்காரருக்குத் தகுந்தபடி.

வெளியே அழகன் மாமனாரின் பின்னால் ஓடினார். "இப்பத்தான் தெரிஞ்சிருச்சே மாமா, நான் வசதியானவன்னு!"

"தெரிஞ்சிருச்சுங்க. ஆனா எம்மகளும் நாளைக்கி இங்க வந்து நிக்கணுமா?" என்று சொல்லிவிட்டு, கந்தப்பன் பஸ் ஏறிப் போய்விட்டார்.

நாகலெட்சுமி டவுனுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறை பார்த்துக்கொண்டு, தோளுக்கு வைத்தியம் பார்க்கிறாள். முதல் நாள் தன் அடுப்பில் தானே ஆக்கிய சோற்றை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாளாம். யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அதில் ருசி.

அழகனை நினைத்துச் சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அடுத்த தரம் தங்கச்சி ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போன் எடுக்கும்போது, "இந்த மாசம் கொஞ்சம் இறுக்கம்மா" என்கிற உங்கள் குரல் எவ்வளவு அழகாக மெலிகிறது என்று வீட்டில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். அவர்கள் ரொம்ப நாளாகக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.