காந்தத்துக்கு ஓடிய கற்களும் காச் பாபுவும்

கொல்கத்தாவில், பவானிபூர் தமிழ்க் குடும்பங்களில் இதுவரை முறிந்துபோன சம்பந்தங்களில் பாதி, ஜாதகம் பொருந்தாமல் முறிந்தவை. மீதிப் பாதியை முறித்தவர் காச் பாபு.

வங்காளத்தில் காச் என்றால் கண்ணாடி. ஆயுள் முழுக்க ரத்தினக் கல் பார்த்துத் தரம் சொல்லும் தொழில் செய்த மனிதர் வாயில், நான் கேட்டவரை, அதிகம் வந்த சொல் அது ஒன்றுதான். வைரத்தை நீட்டினாலும் முதலில் "காச்!" என்பார். அப்புறம்தான் லென்ஸை எடுப்பார். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. திருச்சிப் பக்கத்திலிருந்து கல் பட்டை தீட்ட வந்த குடும்பம். இவர் பிறந்து வளர்ந்தது இங்கேதான். அதனால் தமிழில் திட்டத் தொடங்கி வங்காள மொழியில் முடிப்பார். பாராட்ட மட்டும் இரண்டு மொழியிலும் தெரியாது.

ஒரு நிச்சயதார்த்தப் பந்தியில் நானே என் கண்ணால் பார்த்தேன். பாயசம் விட வந்த சம்பந்தியம்மாள் குனிந்தபோது கழுத்து அட்டிகை இவர் இலைக்கு நேரே தொங்கியது. வாயில் அப்பளம் இருக்கும்போதே "காச்!" என்றார். அந்த அம்மாள் கையிலிருந்த பாயசத் தூக்கு அப்படியே நின்றது. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், நாதஸ்வரக்காரர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் நிதானமாக, "பாயசம் நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் விடுங்க" என்றார். பாயசத்தை நல்லது என்று சொன்னது சமையல்காரருக்குப் பெருமை. அந்தச் சம்பந்தத்துக்கு என்ன ஆயிற்று என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு நாள், ஒன்பது கல் மோதிரம் போட்ட ஒரு ஜோசியரே இவரிடம் விரலை நீட்டிவிட்டார். காச் பாபு லென்ஸை வைத்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார். "இந்த மோதிரத்துல நெஜமானது உங்க விரல் ஒண்ணுதான். அதைப் பத்திரமா வச்சுக்குங்க" என்றார்.

இப்படிப்பட்ட ஆளிடம் நானாகப் போய் மாட்டுவேனா? மாட்ட வைத்தது என் அக்கா.

எங்கள் அப்பா கிதிர்பூர் துறைமுகத்துக்கு வெளியே இட்லிக் கடை போட்டிருந்தவர். அந்தக் காலத்தில் ரஷ்யக் கப்பல்கள் நிறைய வரும். அதில் ஒரு கப்பலின் சமையல்காரர் அப்பாவின் சாம்பாரைக் குடித்துவிட்டு நண்பராகிவிட்டார். குடித்துவிட்டு என்றுதான் எழுத வேண்டும். இட்லியை ஓரமாக வைத்துவிட்டு சாம்பாரைத் தம்ளரில் வாங்கிக் குடிப்பாராம். ஒவ்வொரு தடவை வரும்போதும் காகிதத்தில் மடித்த ஒரு பச்சைக் கல்லை அப்பாவுக்குக் கொடுப்பார். "பச்சைக் கார்னெட்டு. அவங்க ஊரு மலையில வெட்டுனது" என்று அப்பா எல்லாரிடமும் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். பீர் பாட்டில் உடைந்தால் இப்படித்தான் பச்சையாக இருக்கும் என்று கடைக்கு வருகிறவர்கள் முகத்துக்கு நேரே சொல்வார்கள். அப்பா அந்தக் கற்களைச் சட்டை உள்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அதே சிரிப்போடு தோசை ஊற்றுவார்.

அப்பாவுக்குப் பிறகு கற்கள் ஒரு தகர டப்பாவில் என்னிடம் வந்தன. கடையைப் பவானிபூருக்கு மாற்றினேன். நான் எட்டாம் வகுப்போடு மாவாட்ட வந்தவன். படிப்புக் குறைவு என்றாலும் பயத்தில் குறை வைத்ததில்லை. கேஸ் சிலிண்டர் தீரும் முன்பே தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுவேன். இந்த ஊரிலோ ஒவ்வொரு கவலைக்கும் ஒரு கல் உண்டு. நகைக்கடை ஒவ்வொன்றிலும் மூலையில் ஒரு ஜோசியர் அதற்கென்றே உட்கார்ந்திருப்பார். என் கையைப் பார்த்தவர், "புதன் சரியில்லை, பச்சைக் கல் சேர்த்துக்கொண்டே வா, மரகதம் முடியாவிட்டால் கார்னெட்" என்றார். சேர்த்தேன். மகனுக்குப் பரீட்சை என்றால் ஒரு கல். மனைவிக்கு இருமல் என்றால் ஒரு கல். ஃபுட்பாத், கண்காட்சி, ரயில் நிலைய வாசல் எங்கே பச்சையாக மின்னினாலும் வாங்கினேன். எல்லாவற்றையும் அப்பாவின் டப்பாவிலேயே போட்டேன். கல்லோடு கல் இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

அக்கா திருநெல்வேலியிலிருந்து போன் செய்தாள்.

"ஏலே தம்பி, பூஜை லீவுக்கு வாரேன். அப்பா கல்லுல பாதி எனக்கு. எடுத்து வச்சிரு."

"எல்லாம் ஒண்ணா கெடக்குக்கா. மொத்தத்துல பாதி எடுத்துக்கயேன்."

"நீ ரோட்டுல பொறுக்குனது எனக்கு எதுக்குல? அப்பா கல்லு எதுன்னு உனக்குத் தெரியாதா? இல்ல, தெரிஞ்சே என் தலையில கண்ணாடியக் கட்டப் பாக்கியா?"

அன்றைக்கு எனக்குத் தூக்கம் போயிற்று. கூடப் பிறந்தவள் என்னைத் திருடன் என்று நினைக்கிறாள்! அப்பா கல்லை மாற்றிவிட்டேன் என்று ஊரில் சொல்வாள். சித்தப்பா வீட்டில் சொல்வாள். அவள் வருவதற்குள் அப்பாவின் கல்லைப் பிரித்தாக வேண்டும். டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தால் எல்லாம் பச்சை. எதற்கும் முகம் இல்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு காச் பாபுவின் மாடிக்கு ஏறினேன்.

பழைய வீட்டின் முதல் மாடியில் ஒற்றை அறை, வடக்குப் பார்த்த ஒரு ஜன்னல். அந்த ஜன்னலில் வருகிற காலை வெளிச்சத்தில்தான் கல் பார்ப்பார். மேகம் வந்தால் பார்க்க மாட்டார். அதுவோ கொல்கத்தா மழைக்காலம்! டப்பாவோடு போவேன், வானத்தைக் காட்டிக் கதவைச் சாத்துவார். மறுபடி போவேன். "மேகத்தைக் கூட்டிக்கிட்டே வர்றியேய்யா, வீட்டுல விட்டுட்டு வரக் கூடாதா?" என்பார். வங்காள விரிகுடாவில் புயல் உருவானதற்கும் என்னையே திட்டினார்.

கடைசியில் ஒரு நாள் வெயில் அடித்தது. ஓடினேன். கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சட்டையைக் கழட்டு."

"எதுக்கு சார்?"

"பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து பச்சைக் கல்லைப் பாருன்னா எப்படிய்யா பாக்கறது? உன் சட்டை நிறம் கல்லுக்குள்ள பூந்துக்கும். கழட்டு, கழட்டு, வெளிச்சம் போகுது!"

அது என் கடைச் சட்டை. புதன் பகவானுக்காகப் பச்சையில் தைத்தது. பனியனோடு உட்கார்ந்தேன். பனியனில் தோளருகே ஒரு ஓட்டை. அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு மாஷிமா, அதாவது தெருவே சித்தி என்று கூப்பிடும் வங்காளத்து அம்மாள், டீயோடு வந்தார். ஓட்டையை நன்றாகப் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு டீ கொடுத்தார். ஒரு கடை முதலாளிக்கு இது தேவையா?

காச் பாபு ஒரு அகலமான கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினார். தெர்மாகோல் துண்டு ஒன்றை மிதக்க விட்டு, அதன் மேல் ஒரு கல்லை இடுக்கியால் வைத்தார். பிறகு பட்டாணி அளவு காந்தம் ஒன்றைக் குச்சி நுனியில் ஒட்டிக் கல்லுக்கு அருகே கொண்டுபோனார்.

"நீ சொல்ற ரஷ்யாக் கார்னெட்டுக்குள்ள இரும்பு இருக்கும். நெஜம்னா காந்தத்துக்குப் பின்னாலயே வரும். காச்னா கெடந்த எடத்துலயே கெடக்கும், உன்ன மாதிரி."

முதல் கல் நகரவில்லை. "காச்!" அடுத்ததும் நகரவில்லை. "காச்!" எதற்கெல்லாம் வாங்கினேன் என்று கேட்டார். பரீட்சைக்கு, இருமலுக்கு, சிலிண்டருக்கு என்று நான் சொல்லச் சொல்ல, கற்கள் ஒவ்வொன்றும் தெர்மாகோலில் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தன.

"அடப்பாவி, இவ்வளவு கவலையாய்யா உனக்கு?" என்றார் காச் பாபு.

அவரைப் பார்த்தால் சந்தோஷமாக இருந்தார் என்று தோன்றியது. நான் டப்பாவில் மீதி எத்தனை என்று எட்டிப் பார்த்தேன். அப்பாவின் கல்லும் இப்படித்தானோ? அந்தப் பீர் பாட்டில்காரர்கள் சொன்னதுதான் நிஜமோ?

அப்போது ஒரு சின்னக் கல் மெல்ல அசைந்தது. தெர்மாகோல் திரும்பியது. காந்தத்தைப் பார்த்து நேராக வந்து முட்டியது.

"கோல்!" என்று மாஷிமா கத்தினார்.

அதற்குப் பிறகு இன்னும் சில கற்கள் ஓடின. ஒவ்வொன்றுக்கும் மாஷிமா கைதட்டினார். கால்பந்து பார்த்து வளர்ந்த ஊர். தண்ணீரில் தெர்மாகோல் நகர்ந்தாலும் ஒரு பக்கம் சேர்ந்துகொள்வார்கள். நானும் ஓட்டைப் பனியனோடு எழுந்து நின்று கத்தினேன்.

காச் பாபு மட்டும் கத்தவில்லை. ஓடிய கற்களை ஜன்னலோரம் கொண்டுபோய் ஒவ்வொன்றாக லென்ஸில் பார்த்தார். முகம் சிவந்துகொண்டே வந்தது.

"எந்த முட்டாள்ய்யா இதையெல்லாம் சில்லறை மாதிரி பாக்கெட்டுல போட்டு வச்சான்?"

"எங்கப்பா."

"பட்டையோட ஓரமெல்லாம் மழுங்கிப் போச்சு! மிருதுவான கல்லுய்யா இது! ஒண்ணோட ஒண்ணு உரசி உரசி, கொன்னு வச்சிருக்கான் மனுஷன்!"

"சார், செத்துப்போனவரு. மரியாதையா பேசுங்க."

"அதனாலதான் இதோட விட்டேன். உயிரோட இருந்தா நேர்ல போய்த் திட்டியிருப்பேன்."

இப்படிப் பேசினால் எந்தப் பிள்ளைக்குக் கோபம் வராது? என் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். அவசரத்தில் உள்ளும் புறமும் மாற்றி மாட்டிவிட்டேன் என்பது வேறு விஷயம்.

ஓடியவற்றில் ஒரே ஒரு கல்லுக்கு மட்டும் ஓரம் மழுங்காமல் கூர்மையாக இருந்தது. அப்பாவின் பாக்கெட்டில் கிடக்காத அது நான் வாங்கியது. காச் பாபு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எப்படி உனக்குக் கெடச்சுது? விக்கிறப்ப அவன் தூங்கிட்டானா?" என்றார். நான் சரியாக வாங்கியிருப்பேன் என்று அந்த ஆளுக்குத் தோன்றவே இல்லை.

ஆக, மழுங்கியது அப்பாவுடையது, மற்றதெல்லாம் என்னுடையது. கற்களை இரண்டு பொட்டலமாகக் கட்டிக்கொண்டேன். ஆனாலும் நிம்மதி வரவில்லை. நான் சொன்னால் அக்கா நம்புவாளா? பூஜை லீவுக்கு அவள் வந்ததும் நேராகக் காச் பாபுவிடமே அழைத்துப் போனேன். இந்தத் தடவை வெள்ளைச் சட்டை.

அக்கா அப்பாவின் பொட்டலத்தைப் பிரித்தாள். கைவிரலால் ஒதுக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே காச் பாபுவிடம் கேட்டாள்.

"ஐயா, நெஜத்தைச் சொல்லுங்க. எந்தம்பி இதுல ஒண்ணையும் மாத்தலையே?"

என் காது சூடாகிவிட்டது. வேற்று மனிதர் முன்னால் கேட்டுவிட்டாள். காச் பாபு லென்ஸை மேஜையில் வைத்தார்.

"இவனா? ஏம்மா, இவனுக்கு ஏமாறத்தான் தெரியும். ஏமாத்தறதுக்குக் கொஞ்சமாவது மூளை வேணும். அந்த இன்னொரு பொட்டலத்தைப் பாரு. இந்த ஊருல வித்த அத்தனை காச்சும் இவன்கிட்டதான் இருக்கு. கவலைப்பட்டுக் கவலைப்பட்டு வாங்கியிருக்கான், எல்லாம் பொண்டாட்டி புள்ளைக்காக, கடைக்காக. தனக்குன்னு ஒரு கல்லு வாங்கலை. இப்படி ஒரு மக்கு உங்கப்பன் கல்லைத் திருடுமா? கேக்கறதுக்கு உனக்கு வெக்கமா இல்ல?"

அக்காவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. காச் பாபு ஒரு கல்லை இடுக்கியில் பிடித்து, லென்ஸை அவள் கையில் கொடுத்து, ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"ஓரத்தைப் பாரு. சாணை பிடிக்கிறவன்கிட்ட குடுத்தா மறுபடி கூராக்கிடுவான். புதுசு மாதிரி பளபளன்னு இருக்கும், மதிப்பும் ஏறும். செய்யறதும் விடறதும் உங்க இஷ்டம்."

அக்கா வெகுநேரம் பார்த்தாள். லென்ஸில் பார்த்துப் பழக்கம் இல்லாதவள். ஒரு கண்ணை மூடியதில் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. அப்படியே கேட்டாள்.

"ஏலே, அப்பா நடந்து வந்தா பாக்கெட்டுல சலசலன்னு கேக்குமே, அது இதானா?"

"ஆமாக்கா."

"நான் சில்லறைன்னு நெனச்சேன். சில்லறையக் குடுக்காம ஏமாத்துதாருன்னு சண்டையெல்லாம் போட்டிருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே உடைந்தது. "ஒண்ணும் கூராக்க வேண்டாம் ஐயா, இப்படியே இருக்கட்டும்" என்று காச் பாபுவிடம் சொன்னாள். கற்களைப் பாதியாகப் பிரித்தோம். பிரிக்கும்போது நல்ல கல்லாக என் பக்கமே தள்ளினாள். நான் திருப்பித் தள்ளினேன். "வெளிய போய்த் தள்ளிக்குங்க, அடுத்த ஆள் காத்திருக்காங்க" என்று காச் பாபு எங்களை விரட்டினார். வெளியே யாரும் இல்லை.

இதெல்லாம் நடந்து சில வருஷமாகிறது. எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. பொது இடத்தில் சட்டையைக் கழற்ற வைத்தவர். என் அப்பாவை முட்டாள் என்றவர். என்னை என் அக்கா முன்னால் மக்கு என்றவர். அக்காவோ வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்கிறாள், என் சுகத்தைக் கேட்பதற்கு முன்னால் "அந்தப் பெரியவரு சாப்பிட்டாரா?" என்று கேட்கிறாள். இப்போது அவருக்குக் கண் சரியில்லை. மாடியை விட்டு இறங்குவதில்லை. மதியம் நான்தான் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுபோகிறேன். சாம்பாரில் உப்பு இல்லை என்பார், வடை கல் என்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஆனால் சாப்பாடு ஆறிவிடுமோ என்ற கவலையில், படியில் பாதித் தூரம் தினமும் ஓடித்தான் ஏறுகிறேன்.