முப்பத்திரண்டாம் பக்கத்துக் கமா

கடலூர் முதுநகர்,
13.3.2010

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆரோக்கியம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை முழுதும் படித்தாக வேண்டுமே.

அறுபது வயதில் சி ஷார்ப் என்னும் கணினி மொழி படிக்கிறேன். டிப்ளமோவுக்காக வெள்ளிக்கிழமை ஒரு புரோகிராம் காட்ட வேண்டியிருந்தது. பண்ருட்டி மண்டிக்கு லேபிள் அடிக்கும் புரோகிராமை எடுத்துக்கொண்டேன். பலாப்பழம் எண்ணிக்கையில் வரும், முழு எண்; முந்திரி எடையில் வரும், தசம எண். எது வருமென்று புரோகிராம் ஓடும்போதுதான் தெரியும் என்பதால், ரிஃப்ளெக்‌ஷனைக் கொண்டு அந்த நேரத்திலேயே வகையைக் கண்டறிந்து, அதற்குரிய மெத்தடைக் கூப்பிட எந்த வகைக்கும் பொருந்தும் தூதன் போல ஒரு ஜெனரிக் டெலிகேட்டை உருவாக்க வேண்டும். தங்கள் கணினி இதழின் 32ஆம் பக்கத்தில் வழி இருந்தது. பார்த்து அப்படியே அடித்தேன். கொடுத்த வகைகள் இரண்டு, இடமோ ஒன்றுதான் என்று பிழை காட்டி நின்றது. பதினேழு முறை அடித்தேன். பதினேழு முறையும் நின்றது. பாடம் நடத்தும் அன்புமணி, "உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்? வேர்டுல ஒரு லெட்டர் அடிச்சுக் காட்டுங்க, பாஸ் போட்டுடறேன்" என்றார். "டெலிகேட் ஓடாம நான் எழுந்திரிக்கப் போறதில்ல தம்பி" என்றேன். ஃபேனை நிறுத்தினார். எழவில்லை. கரண்டே போனது, எழுந்தேன்.

மறுநாள் சிதம்பரத்தில் தோழி சௌந்தரத்தின் மகன், புரோகிராமர் ராஜ்கமலிடம் காட்டப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அந்தப் பக்கத்தையே முறைத்துக்கொண்டு போனதில் காட்டுமன்னார்கோயிலில் இறங்கினேன். "சிதம்பரம் சிதம்பரம்னு தொண்ட கிழியக் கத்துனேனேம்மா!" என்றார் கண்டக்டர். திரும்பிப் போய் என் பென் டிரைவைக் கொடுத்தேன். ராஜ்கமல் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "ஆன்ட்டி, வாங்கிக்கிறது ஒரு வகை, திருப்பிக் குடுக்கறது ஒரு வகை. Func-ங்கற இந்த டெலிகேட்டுக்கு ரெண்டு இடம் வேணும். அடைப்புக்குள்ள ஒரு கமா போடுங்க." போட்டேன். ஓடியது ஐயா! பலாவுக்கும் ஓடியது, முந்திரிக்கும் ஓடியது. சௌந்தரத்தைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டேன். நேற்று வகுப்பில் ஓட்டிக் காட்டினேன்; அன்புமணி எழுந்து நின்று கைதட்டினார்.

ஆகவே, 32ஆம் பக்கத்தில் அந்தக் கமாவை விழுங்கியதற்குத் தாங்கள் அடுத்த இதழின் முதல் பக்கத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும்வரை வாரம் ஒரு கடிதம் வரும். ஐம்பது தபால் கார்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

தங்களுக்கும், குறிப்பாகத் தங்கள் பிழை திருத்துபவருக்கும், ஆண்டவர் நல்ல கண்பார்வை அருள்வாராக.

இப்படிக்கு,
ம. ஆரோக்கியம்மாள்

பி.கு.: சான்றாக இணைக்க 32ஆம் பக்கத்தைக் கிழித்தபோது, அதில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகு ஒன்று உதிர்ந்தது. அடியில் கமா இருக்கிறது. நன்றாகவே, கறுப்பாக. பிழை திருத்துபவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும். தயவுசெய்து அதை அச்சில் போட்டுவிட வேண்டாம். அன்புமணி தங்கள் இதழின் சந்தாதாரர்.