ஹாலுக்கு ஒரு ஜோடி

வைரக்கண்ணு அன்று காலை ஒரு முடிவெடுத்தார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவராகவே எடுத்த முதல் முடிவு. எடுத்து முடித்ததும் பயமாக இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

ஹாலுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்க வேண்டும். மனைவி அம்சவல்லிக்குத் தெரியாமல் வாங்க வேண்டும். அவளுக்குத் தெரியாமலே அதில் பாட்டும் கேட்க வேண்டும்.

அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு ஸ்பீக்கர் உண்டு. சட்டசபையில் உட்கார்ந்திருப்பாரே, அந்த மாதிரி. யார் பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம், எப்போது வாயை மூடிக்கொண்டு உட்காரலாம் என்பதெல்லாம் அம்சவல்லியின் தீர்ப்பு. வைரக்கண்ணு எதிர்க்கட்சி. ஒற்றை உறுப்பினர். வெளிநடப்பு செய்தால் வயலுக்குப் போவார், சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடுவார். குடும்பத்தில் எல்லாமே ஒரு பக்கத்திலிருந்துதான் கேட்கும் என்பதால், ஸ்டீரியோ என்ற சொல்லே அவருக்கு ஆடம்பரமாகப் பட்டது.

ஆனால் போன ஐப்பசியிலிருந்து சபாநாயகரும் பேசுவதில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், மதிவதனி. கோயம்புத்தூரில் பிசியோதெரபி படித்து அங்கேயே வேலை பார்த்தாள். மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். சாதாரணக் காய்ச்சல்தான், வராதீங்க என்றாள். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் பேசும் நிலையில் இல்லை. காரியம் முடிந்து சொந்த ஊரான குத்தாலத்துக்குத் திரும்பி வந்த அன்று அம்சவல்லி டி.வி. மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினாள். ரேடியோவைப் பரண்மேல் ஏற்றினாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. வீட்டில் சத்தம் கூடாது என்று வைரக்கண்ணுவே புரிந்துகொண்டார்.

அதற்கப்புறம் அந்த ஹாலில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்தான். சாப்பிடும்போது தான் மென்று விழுங்குவதே காதில் விழுந்தது அவருக்கு. நாயனமும் தவிலும் கேட்டு வளர்ந்த மனுஷன். ஒரு காலத்தில் நெல்மூட்டை உயரத்துக்கு இரண்டு பெட்டி வைத்திருந்தார். அவர் ஒரு கீர்த்தனை போட்டால் எதிர்சாரி மாடுகள் எழுந்து நிற்கும். நாலு வருஷம் முன்னால் எலி ஒயரைக் கடித்துக் குதறி அந்தப் பெட்டிகள் காயலான்கடைக்குப் போயின.

பாட்டு வேண்டும் என்பதுகூட இல்லை. அந்த ஹாலில் ஏதாவது ஒன்று கேட்க வேண்டும். இல்லாவிட்டால், உள்ளே உட்காரவே முடியவில்லை.

கும்பகோணத்தில் ஹம்தான் என்ற இளைஞர் கடை வைத்திருந்தார். வைரக்கண்ணு உள்ளே போய்த் திரும்பிப் பார்த்துவிட்டு, ரகசியம் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

"சின்னதா இருக்கணும் தம்பி. கண்ணுலயே படக் கூடாது."

"யார் கண்ணுல சார்?"

"பொதுவா யார் கண்ணுலயும்."

"வீட்ல சொல்லலியா?"

வைரக்கண்ணு கூரையைப் பார்த்தார். ஹம்தான் சிரித்தார். "பரவாயில்ல சார். இங்க வர்ற ஆம்பளைங்க எல்லாரும் மொதல்ல எங்க ஒளிச்சு வைக்கலாம்னுதான் கேப்பாங்க. சவுண்டு எப்படின்னு அப்புறம்தான்."

தேங்காய் அளவு ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். போனோடு சேர்க்க ஒயர் வேண்டாம், தானாகச் சேர்ந்துகொள்ளும் என்றார். தன் போனிலிருந்து நாயனம் போட்டுக் காட்டினார்.

"தவில்ல வலந்தலை நல்லா வருது. இடப்பக்கத் தொப்பி அமுங்குதே," என்றார் வைரக்கண்ணு.

"சின்ன பெட்டி சார். அடிச் சத்தம் கொஞ்சம் கம்மிதான். சுவரை ஒட்டி வைங்க, கூடும். ரெண்டையும் தள்ளித் தள்ளி வெச்சுட்டு நீங்க எதிர்ல நடுவுல உக்காரணும்."

"என் நாற்காலி எங்க இருக்கணும்கறது என் கையில இல்ல தம்பி."

வெள்ளை நிறம் சொன்னார். வந்ததும் போன் செய்வதாக ஹம்தான் எண்ணை வாங்கிக்கொண்டார். ஒரு வாரமாகியும் போன் வரவில்லை. வேறு வேலையாகக் கும்பகோணம் போனவர் கடையில் எட்டிப் பார்த்தார். பெட்டி தயாராக இருந்தது. பிரித்தால் சந்தனக் கலர்.

"வெள்ளையில்ல சொன்னேன்?"

"இதுதான் சார் உங்க சுவருக்குச் சேரும்," என்றார் ஹம்தான், அவர் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுச் சுவர் சந்தனக் கலர்தான். பார்க்காமலே சொல்கிறாரே, தொழில் தெரிந்த ஆள் என்று வைரக்கண்ணு வியந்துபோனார்.

ஸ்பீக்கர்கள் யூரியா சாக்குக்குள் வீடு வந்து சேர்ந்தன.

"என்ன அது?" என்றாள் அம்சவல்லி.

"மேலுரம்."

"குறுவைக்குத்தான் போட்டாச்சே."

"இன்னும் கொஞ்சம் மேல."

அவள் உள்ளே போனாள். மறுநாள் அவள் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போன நேரத்தில் ஒன்றை ஷோகேஸ் மேல் மதிவதனி வாங்கிய ஓட்டப்பந்தயக் கோப்பைக்குப் பின்னாலும், இன்னொன்றை ஜன்னலோரம் பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பின்னாலும் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். வைத்தவருக்கே தெரியவில்லை. முப்பது வருஷத்தில் முதல் வெற்றி.

அவள் இல்லாத நேரங்களில் கேட்டார். பிறகு துணிச்சல் வந்தது. அவள் அடுப்படியில் இருக்கும்போதே, கொசு பாடுகிற அளவுக்கு வைத்துக் கேட்டார்.

"எங்கயோ நாயனம் கேக்குதுங்க," என்றாள் உள்ளேயிருந்து.

"மண்டபத்துல கல்யாணம் போல."

"ஆடி மாசத்துலயா?"

வைரக்கண்ணுவுக்கு வியர்த்தது. "கல்யாணம்னா சொன்னேன்? கோயில்ல. ஆடிக்கு அம்மன் கோயில்ல வைப்பாங்கல்ல."

"தினமும் நம்ம சாப்பாட்டு நேரத்துக்கா வைக்கிறாங்க?"

"அம்மனுக்கும் அதானே சாப்பாட்டு நேரம்."

கரண்டி பாத்திரத்தில் உரசுகிற சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் மறுபடி கேட்டது. தப்பித்தோம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் மடை திறக்க வயலுக்குப் போனார். வாய்க்காலில் தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. வரப்பில் காத்துக்கொண்டு நிற்பதற்குப் பதில் வீட்டுக்குத் திரும்பினார். வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

ஹாலில் மதிவதனி பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ரசத்துக்குப் பூண்டு உரிச்சுப் போடணுமா, அப்படியே தட்டிப் போடணுமா? சீக்கிரம் சொல்லு, அடுப்புல இருக்கு."

"தோலோட தட்டிப் போடுடி," என்றாள் அம்சவல்லி.

வைரக்கண்ணு கதவைப் பிடித்துக்கொண்டார். உள்ளே அம்சவல்லி தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் போன். குரல் அதிலிருந்து வரவில்லை. கோப்பைக்குப் பின்னாலிருந்தும் பூச்சாடிக்குப் பின்னாலிருந்தும் வந்தது. இரண்டும் சேர்ந்து ஹாலின் நடுவில் ஒரு பெண் நிற்கிற மாதிரி இருந்தது.

அம்சவல்லி போனைத் தொட்டாள். அடுத்த குரல் பதிவு.

"அம்மா, அப்பா இப்பதான் போன் பண்ணாரு. எலிக்கு மருந்து வெச்சிருக்காராம். கூண்டு வேற வாங்கியிருக்காராம். எவ்ளோ பெரிய எலியா இருக்கும்னு என்கிட்ட கேக்கறாரு. எனக்குச் சிரிப்பு தாங்கல. பாவம்மா. லீவுல அந்தச் சத்தத்துல படிக்க முடியாம ஒயரை வெட்டுனது நான்தான்னு சொல்லிடலாமா? வேணாம், இப்ப வேணாம். என் கல்யாணத்தன்னிக்கு சொல்லிக்கலாம். அன்னிக்கு என்னைத் திட்ட மாட்டாரு."

அந்த எலிக்காக வைரக்கண்ணு ஒரு மாசம் தூங்கவில்லை. மசால்வடை வைத்தார், கருவாடு வைத்தார், பரண்மேல் டார்ச்சோடு குந்தியிருந்தார். எதுவும் விழாததால், கெட்டிக்கார எலி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு ஒன்றாக மாறிவிட்டது. துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். மகள் போன நாளிலிருந்து, ஆம்பளை அழுதால் அம்சவல்லி உடைந்துபோவாள் என்று அவர் அழாமலே இருந்தவர்.

அம்சவல்லி எழுந்து வந்தாள். கையைப் பிடித்துத் தூக்கவில்லை, தேற்றவும் இல்லை. படியில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் ஓய்கிறவரை வெங்காயக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேயிருந்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றார் கடைசியில்.

"நீங்க போனை வீட்டுல போட்டுட்டு வயலுக்குப் போனீங்களே, அன்னிக்கே. கடைக்காரத் தம்பி கூப்ட்டுச்சு. வெள்ளை வந்திருக்கு, எடுத்துக்கங்க சார்னுச்சு. வெள்ளை வேணாம், அழுக்காயிடும், எங்க சுவர் சந்தனக் கலரு, அதுல குடுன்னு சொன்னேன். நான் பேசுனதைச் சொல்ல வேணாம்னும் சொன்னேன்."

வைரக்கண்ணுவின் முதல் வெற்றி அந்த இடத்தில் முடிந்தது.

"உன் போன்ல எப்படிச் சேர்த்தே? எனக்கே ஒரு நாள் ஆச்சு."

"பேரு காட்டுது. அமுக்குனா சேந்துக்குது. அதுல என்ன இருக்கு?"

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொன்னீங்களா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "நீங்க பாட்டு கேக்கறது எனக்குப் புடிச்சிருந்துச்சுங்க. வீட்ல ஆள் இருக்கற மாதிரி. நான் டி.வி.க்குப் போர்வை போட்டது, ரேடியோவை ஏத்துனதெல்லாம் அழுகைக் கதை கேக்கப் புடிக்காமதான். உங்களைப் பாட்டு கேக்கக் கூடாதுன்னு நான் எப்ப சொன்னேன்?"

அவர் யோசித்துப் பார்த்தார். அவள் சொன்னதேயில்லை.

"அவ பேசுனதை நீ போன்லயே கேக்கலாமே?"

"போன்ல கேட்டா கோயமுத்தூர்லேர்ந்து பேசற மாதிரி இருக்கு. இதுல கேட்டா ஹால்ல உக்காந்து பேசறா."

இருவரும் உள்ளே போனார்கள். அவர் நாற்காலியை அவளே நகர்த்தி, இரண்டு பெட்டிக்கும் நேர் எதிராகப் போட்டாள். எது வேண்டும் என்று கேட்டாள். நிறைய இருந்தன, பஸ்ஸில் இடம் கிடைக்காதது, ஹாஸ்டல் சாம்பாரில் கிடந்த பல்லி, ஊருக்கு வரும்போது எடுத்துவர மறந்த குடை. எதுவும் முக்கியமில்லாத பேச்சு. ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒரு பதிவில் மதிவதனி யாரையோ திட்டிவிட்டு, "சரி, வெச்சிடறேன்," என்றாள். அதற்குப் பின் ஹாலில் மின்விசிறி மட்டும் சுற்றியது. அவர் அவள் பக்கம் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அம்சவல்லி வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அடுப்படிக்கும் ஒரு ஜோடி வேணுங்க. இங்க பேசறது அங்க சரியா கேக்கல."

வைரக்கண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தார். ரொம்ப நாளைக்கப்புறம் தன்னிடம் ஒரு பொறுப்பு வந்திருக்கிறது.

"நாளைக்கே போறேன். இதைவிடச் சின்னதா, நல்லதாப் பாத்து வாங்கிட்டு வரேன்."

"நீங்க பாக்க வேணாம்," என்றாள் அம்சவல்லி. "நேத்தே பாத்து, சொல்லி வெச்சாச்சு. நீங்க வண்டி ஓட்டுனா போதும்."