பிழையில்லாத முரசு

வரைபடம் வரைகிறவர்கள் விட்டுவிட்ட ஒரு மூலையில் காருடை என்றொரு நாடு இருந்தது. மலையில் அணை, அடிவாரத்தில் ஊர்கள், இடையில் மேட்டுக்கு மேடு ஒரு முரசு. தலைநகரைக் கேட்காமல், ஒரு மேடு அடிப்பதைக் கேட்டு அடுத்த மேடு அடிக்கும். வெள்ளம், உடைப்பு, தீ, நோய், நலம் என்று ஐந்தே செய்திகள். ஒவ்வொன்றுக்கும் தனித் தாளம்; ஒன்றும் நேராத வேளையில் நாழிகைதோறும் 'நலம்'. காற்று ஓரிரு அடிகளைத் தின்றுவிட்டாலும், கேட்டது எந்தத் தாளத்துக்கு மிக நெருக்கமோ அதுவாகத் திருத்தி அனுப்புவார்கள். அடிவாரம் உயிரோடிருந்தது அந்தத் திருத்தத்தால்தான்.

செய்தித்துறை அமைச்சர் மகுடேசருக்கு 'வெள்ளம்' பிடிக்கவில்லை. மக்கள் பீதியடைவதாகச் சொல்லி அதை நீக்கினார். அடுத்த மழையில் ஆறு பெருகியபோது, மேட்டுக்காரர்கள் அதற்கு நெருக்கமான 'நோய்' என்று திருத்தி அனுப்பினார்கள். ஊரார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். பலர் வெளியே வரவேயில்லை. பழி 'நோய்' மேல் விழுந்தது, அதுவும் போயிற்று. பிறகு 'தீ'. 'உடைப்பு' அணை கட்டியவர்களை அவமதிப்பதாகக் கண்டறியப்பட்டது.

"ஐயா, இனிமே எதக் கேட்டாலும் நலம்னுதானே திருத்தணும்?" என்றான் முதல் மேட்டு முரசுக்காரன் இருளாண்டி.

"ஆகவேதான் நம் நாட்டில் பிழை அறவே ஒழிந்தது" என்றார் அமைச்சர். அண்டை நாடுகள் பாராட்டி மாலை அனுப்பின.

ஐப்பசி மழையில் ஒரு பகல், அணைக் காவலாளி அரியநாச்சி சுவரில் விரிசலைப் பார்த்தாள். விரல் நுழைந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை நுழைந்தது. கீழே முதல் ஊரில் அவள் தங்கை பூரணம் பிள்ளை பெற்றுக் கிடந்தாள். அரியநாச்சி அணை முரசில் பழைய 'உடைப்பு'த் தாளத்தை அடித்துவிட்டு முதல் மேட்டுக்கு ஓடினாள்.

"அண்ணே, கேட்டுச்சா?"

"ஒரு அடி விடாம கேட்டுச்சு. திருத்தி அனுப்பிட்டேன்."

"என்னன்னு?"

"என்னன்னா? இருக்கறதே ஒண்ணுதானே."

"பாவி மனுசா! பச்ச ஒடம்புக்காரி கீழ கெடக்காண்ணே!"

"எம் மகளுந்தான் கீழ இருக்கா. நான் உள்ளபடி அடிச்சா அடுத்த மேட்டுக்காரன் திருத்துவான். அவன் விட்டாலும் அதுக்கடுத்தவன் விடமாட்டான்."

அவள் அவன் கையிலிருந்த முரசுக்கோலைப் பிடுங்கினாள். "அப்ப இப்ப வர்ற நாழிகைக்கு ஒண்ணுமே அடிக்காத. முரசு நின்னாலாவது பயந்து மேடேறுவாங்க."

அடிக்க வேண்டிய வேளை கடக்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். மழைச் சத்தம் மட்டும். பிறகு அடுத்த மேட்டில் முரசு ஒலித்தது. நலம்.

இருளாண்டி தலை குனிந்தான். "சேதி வரலைன்னா வழியில தொலைஞ்சதா வச்சு அவங்கவங்களே நிரப்பிக்கணுமாம். புது உத்தரவு. அவனாவது சும்மா இருப்பான்னு நெனச்சேன்."

அவள் பாதி சரிவு இறங்கியிருந்தபோது தண்ணீர் அவளைக் கடந்து போனது. ஊர் இருந்த இடத்தில் புளியமரத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. அடிவார முரசுகள் ஓய்ந்தன. தலைநகர் அவற்றை முறைப்படி நிரப்பிக்கொண்டது.

காருடையில் மன்னரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தத் தையில் தேர்தல் வந்தது. அடிவாரத்திலிருந்து வாக்குகள் வரவில்லை. வழியில் தொலைந்தவற்றை நிரப்பும் பொறுப்பு மகுடேசரின் துறைக்கே தரப்பட்டது.

அரியநாச்சி வெள்ளத்தில் தப்பியவர்களுக்கான கிழக்கு முகாமில் இருந்தாள். முடிவை அறிவிக்க வந்த அதிகாரி அவளைத் தேடி வந்து கைகுலுக்கினார்.

"உங்கள் தங்கையும் மன்னருக்குத்தான் வாக்களித்திருக்கிறார், அம்மா. குழந்தையும்."