ஒட்டு அண்ணாச்சியின் உளவுப் படங்கள்

கேமராவைத் தொடாமல், நடிகர்களுக்குச் சம்பளம் கொடுக்காமல் உளவுப் படங்களாக எடுத்துத் தள்ளிய ஒரே மனிதர் அபுதாபி பக்கம் ருவைஸில், எங்கள் தொழிலாளர் கேம்பில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். ஒட்டு அண்ணாச்சி. விசாவில் இருந்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

அவரிடம் ஒரு பழைய வெளிநாட்டு உளவுத் தொடர் முழுசாக இருந்தது. "டூட்டி முடிச்சு வாரவன்கிட்ட 'தொடரும்'னு போட்டா தாங்குவானா தம்பி?" என்பார். இரண்டு எபிசோடுகளை லேப்டாப்பில் வெட்டி ஒட்டி, தமிழ்க் குரல் கொடுத்து ஒரே படமாக்கிவிடுவார். நாயகன், வில்லன், கதவு கிறீச்சிடுவது எல்லாம் அவர் குரல்தான். நாயகிக்குத் தொண்டை கட்டியிருப்பதாக முதல் காட்சியிலேயே ஒரு வசனம் வந்துவிடும்.

ஒட்டுகிற இடத்தில்தான் சிக்கல். முன்பாதியில் செத்த வில்லன் பின்பாதியில் ஹோட்டலில் சூப் கிளறிக்கொண்டிருப்பான்.

"அண்ணாச்சி, இவனைச் சுட்டுட்டாங்களே?"

"சுட்டது அண்ணனை. இவன் தம்பிக்காரன். அந்தக் குடும்பத்துக்கு வேற யாருவே சோறு போடுவா?"

காரில் ஏறும் நாயகனுக்கு மீசை இருக்கும்; இறங்கும்போது இருக்காது. "உளவாளில்லா? போற வழியில எடுத்துருவான்."

கேம்பில் இருந்தது ஒரே ஹால், ஒரே திரை. அண்ணாச்சி படம் போடும் ஞாயிறு மத்தியானம் அதை மேட்ச் பார்க்கத் தங்களுக்கே விடவேண்டும் என்றது கிரிக்கெட் கோஷ்டி. பெஷாவர்க்காரரான கேம்ப் பாஸ் தீர்ப்புச் சொன்னார்: "இந்த வாரம் ஹால் ஃபுல் நஹீ, தோ சினிமா கலாஸ்!" ஹால் நிறையாவிட்டால் சினிமா அத்தோடு முடிந்தது.

அண்ணாச்சி அசரவில்லை. இம்முறை மூன்று எபிசோடுகள். எல்லோருக்கும் புரியட்டும் என்று நாயகனை இந்தியிலும் வில்லனை மலையாளத்திலும் பேசவைத்தார். மெஸ் சேட்டன் கரண்டியோடு சண்டைக்கு வந்தபின் நாயகி மலையாளியானாள், வில்லன் தமிழனாகிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்தது, கேம்ப் பாஸும் வந்தார். கடைசிக் காட்சி. வெடிகுண்டின்முன் நாயகன்; சிவப்பு ஒயரா, பச்சை ஒயரா? கத்தியை எடுத்தான். படம் அப்படியே நின்றுவிட்டது. லேப்டாப் மூச்சுவிடவில்லை.

"கலாஸ்?" என்று கேம்ப் பாஸ் எழுந்தார்.

அண்ணாச்சி மைக்கோடு திரைக்கு முன்னால் பாய்ந்தார். வாயாலேயே 'டிக் டிக்' என்று குண்டை ஓடவிட்டார். இடுப்பிலிருந்த கட்டிங் பிளேயரை உருவிக்கொண்டு கத்தினார்: "சிவப்பா, பச்சையா? ஜல்தி போலோ!"

ஹால் இரண்டாகப் பிரிந்து அலறியது. அவர் கேம்ப் பாஸைப் பார்த்தார். "பாய், ஆப் போலோ!"

கேம்ப் பாஸுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. "ஹரா! ஹரா காட்டோ!" என்று பச்சையை வெட்டச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினார்.

பிளேயர் 'டக்'கென்று மூடியது. டிக் டிக் நின்றது.

"மாஃபி பாம்!" என்றார் அண்ணாச்சி. குண்டு இல்லை!

கூரை பறந்துவிடும்போல் கத்தினார்கள். கிரிக்கெட் கோஷ்டியே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றியது. ஞாயிறு மத்தியானம் இனி சினிமாவுக்குத்தான் என்று அங்கேயே அறிவித்த கேம்ப் பாஸ், பிறகு அவரைத் தனியாக ஓரங்கட்டி, சிவப்பை வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார்.

"அதுக்கு வேற எபிசோடு இருக்கு பாய்."

அண்ணாச்சி இப்போது ஊரில் இருக்கிறார். நான் துபாயில் குடும்பத்தோடு பெரிய தியேட்டர்களுக்குப் போகிறேன். இடைவேளையில் வெளியே வந்து, அவருக்குப் போன் போட்டு அதுவரை நடந்த கதையைச் சொல்வேன். மீதியை அவர் சொல்வார். இதுவரை எந்த டைரக்டரும் அவரைவிட நல்ல முடிவு வைத்ததில்லை.