எட்டாம் தேதியா, எட்டாம் மாசமா?

கம்ப்யூட்டர் சுத்தமாகத் தெரியாதவரால் ஆபத்தில்லை. என்னைப் போல அரைகுறையாகத் தெரிந்தவளைத்தான் கட்டிப்போட வேண்டும்.

தூத்துக்குடியில், கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஆபீஸில் சேர்ந்த புதிது. யார் என்றைக்குக் கப்பலேற வேண்டும் என்ற எக்செல் பட்டியலில் பாதித் தேதிகள் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றன. அவை தேதியாக இல்லாமல் வெறும் எழுத்தாகப் பதிந்தவை. "நான் சரிபண்ணுதேன் அண்ணாச்சி" என்று முதலாளி முன் போய் நின்றேன். (யாரும் கேட்கவில்லை.) 25/8, 30/8 என்று இடப்பக்கம் நின்றதையெல்லாம் அசல் தேதியாக்கினேன். வலப்பக்கம் நின்றவை நல்ல பிள்ளைகள் என்று தொடவேயில்லை.

அங்கேதான் வினை. அந்தக் கம்ப்யூட்டர் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படிக்கும். இருபத்தைந்தாம் மாதம் கிடையாது என்பதால் 25/8-ஐ எழுத்தாகவே விட்டுவிட்டது. 8/9-ஐயோ கூசாமல் ஆகஸ்ட் ஒன்பது என்று எடுத்துக்கொண்டது.

அந்த 8/9 என் அண்ணனுடையது. செப்டம்பர் எட்டாம் தேதி ஏற வேண்டியவன். "அண்ணன் ஆகஸ்ட் ஒம்பதே கப்பலேறணும்" என்று வீட்டில் வந்து பெருமையாக அறிவித்தேன். வயிறும் பிள்ளையுமாக இருந்த அவன் மனைவி, என் மைனி, ஓவென்று அழுதாள்.

"பிள்ள முகத்தப் பாக்காமலா போவாவ?"

அண்ணன் பெட்டி கட்டினான்.

தெருவே திரண்டது. ஜெபம், பிரியாணி, மாலை, கண்ணீர். இரண்டு வேனில் துறைமுக வாசலுக்குப் போனோம். கப்பல் பெயர் எழுதி அப்பா நீட்டிய காகிதத்தைக் காவலாளி பார்த்தார். கூட்டத்தையும் பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்தக் கப்பல் அடுத்த மாசம்லா வருது?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. (இப்படித் தேதி மாறிப்போன மற்ற வீட்டுக்காரர்கள் ஆபீஸுக்கு போன் போட்டு விசாரித்திருந்தார்கள். ஆபீஸ்காரியே வீட்டில் இருக்க நாங்கள் எதற்கு விசாரிப்பது?)

"ஏளா, நீ வெளங்குவியா?" அம்மா செருப்பைக் கழற்றினாள்.

மைனி அழுகையும் சிரிப்புமாகக் குறுக்கே விழுந்தாள். "அடிக்காதிய அத்தே! இன்னும் ஒரு மாசம் இங்கன இருப்பாவல்லா!"

செப்டம்பர் மூன்றாம் தேதி பிறந்த குழந்தையை முதலில் வாங்கியது அண்ணன்தான். அவன் நிஜமாகவே கப்பலேறிய அன்று வழியனுப்ப ஒருத்தரும் வரவில்லை. (ஒரு பிரியாணிக்கு ஒரு தடவைதான் அழுவார்கள்.)

ஞானஸ்நானத்தன்று பங்குச்சாமி பிறந்த தேதி கேட்டார். "3/9" என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், கோயிலென்றும் பாராமல் அம்மா கத்தினாள்.

"சாமி, அவ சொல்லுதத எழுதிராதிய! நவம்பர்ல கல்யாணம் கெட்டுன பிள்ளைக்கு மார்ச்சுலயே பேறுகாலம் பாத்துருவா!"

இன்றும் எங்கள் சொந்தத்தில் யாருக்குக் கல்யாணமானாலும், "சீக்கிரம் விசேஷம் வேணுமா? தேதிய அவகிட்ட குடுங்க" என்கிறார்கள்.