மாமனாருக்கு ஒரு போட்டோ

அய்யாவு ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். சும்மா எடுத்த முடிவு இல்லை. குளித்து, விபூதி பூசி, சாமி படத்துக்கு முன்னால் நின்று எடுத்த முடிவு. அடுத்த கப்பல் தபாலில் அவருடைய போட்டோ மன்னார்குடிக்குப் போயே தீர வேண்டும். கோட்டு போட்ட போட்டோ. நாற்காலியில் கால்மேல் கால் போட்ட போட்டோ. அதை மாமனார் இரண்டு கையாலும் வாங்க வேண்டும், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்க்க வேண்டும், "அடேயப்பா, இவரா நம்ம மாப்பிள்ளை!" என்று வாயைப் பிளக்க வேண்டும்.

காரணம் இல்லாமல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றிவிட வந்த மாமனார், பத்துப் பேர் காது கேட்க மகளிடம், "அங்கே ஒத்துவரலேன்னா ஒரு கடுதாசி போடும்மா, டிக்கெட் அனுப்புறேன்" என்றார். மகளுக்கு மட்டும் டிக்கெட். மாப்பிள்ளை என்ன ஆனால் என்ன என்று ஒரு பேச்சு இல்லை. அது அய்யாவுக்குத் தொண்டையில் மாட்டின மீன்முள். கோலாலம்பூர் ரயில்வேயில் சரக்குக் குமாஸ்தா வேலை, பிரிக்பீல்ட்ஸில் கோட்டர்ஸ் வீடு, மூன்று வருஷ ஒப்பந்தம், ரப்பர் விலை ஏறி ஊரே தலை நிமிர்ந்து நடக்கிற காலம், எல்லாம் இருந்தும் அந்த முள் மட்டும் இறங்கவில்லை.

இப்போது மாமனாரே வழி விட்டிருந்தார். "பேத்தியைப் பார்க்கக் கண் ஏங்குகிறது. ஒரு படமாவது பிடித்து அனுப்பு" என்று எழுதியிருந்தார். பேத்தி ரமணி இந்த ஊரில் பிறந்தவள். ஒன்பது மாதம், இரண்டு பல். சீதாலெட்சுமி அந்தக் கடுதாசியை எழுத்துக் கூட்டிக் கூட்டி ஏழு தடவை படித்தாள். பிறகு தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னங்க, பாப்பாவைப் படம் பிடிக்கணுமே."

"பிடிச்சுடலாம். கிள்ளான்ல கிரிகரின்னு ஒருத்தர் கடை வச்சிருக்கார். ஞாயித்துக்கிழமை போறேன்."

"போறேனா, போறோமா?"

அய்யாவு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அது வந்து சீதா, மூணு பேர் சேர்ந்து படம் பிடிக்கவே கூடாது. நடுவுல இருக்கிறவங்களுக்கு ஆகாது."

"அப்படின்னா பாப்பாவை மட்டும் பிடிங்க."

"ஒரு வயசு ஆகாத குழந்தை. கண்ணு பட்டுடும்."

"நானும் பாப்பாவும்?"

"கண்ணு படும்னு சொல்றேன்ல! இப்போதைக்கு நான் ஒருத்தன் போதும். பாப்பா என் ஜாடைதானே? என்னைப் பார்த்தா பாப்பாவைப் பார்த்த மாதிரி."

சீதாலெட்சுமி அவருடைய மீசையைப் பார்த்தாள். பாப்பாவைப் பார்த்தாள். மறுபடி மீசையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அவள் பேசினால் பயமே இல்லை. பேசாமல் இருந்தால்தான் வீட்டில் ஏதோ ஆகப்போகிறது என்று அர்த்தம். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அய்யாவு இதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

"சரிங்க," என்றாள் கடைசியில். "நாங்க சும்மா கூட வரோம். உங்க ரயில் பாஸ் குடும்பத்துக்கும் சேர்த்துத்தானே? பாப்பா ரயில்லே ஏறினதே இல்லை."

இவ்வளவு சுலபமாக ஜெயித்தது அய்யாவுக்கே ஆச்சரியம். வாங்களேன், தாராளமாக வாங்களேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சீதாலெட்சுமி கல்யாணப் பட்டுப்புடவையில் வந்து நின்றாள். தலை நிறையப் பூ. கையில் ஒரு துணி மூட்டை.

"ரயிலுக்கா பட்டுப்புடவை?"

"மத்தது எல்லாம் காயலீங்க. மூணு நாளா மழைதானே?"

"மூட்டை எதுக்கு?"

"பாப்பாவுக்கு மாத்துத் துணி. உங்களுக்கு என்ன தெரியும், ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்குதுன்னு?"

அது உண்மை. அய்யாவு கதவைப் பூட்டினார்.

ரயில் கிளம்பினதும் சீதாலெட்சுமிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஜன்னலில் அவள் தலையும் பாப்பா தலையும் ஒட்டிக்கொண்டு நின்றன. "இங்க பாருங்க, ரப்பர் மரமெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி வரிசையா நிக்குது! ஐயோ, அங்க பாருங்க, அந்தக் கம்பத்துல, மலாய்க்காரங்க ஊர்ல, வீட்டுக்கெல்லாம் கால் இருக்கு! பாருங்களேன், வீட்டுக்குக் கீழே கோழி மேயுது!" பாப்பாவும் ஒவ்வொன்றுக்கும் "ஆ!" என்றாள். அய்யாவும் எட்டிப் பார்த்தார். இஞ்சின் கரி நேராக அவர் கண்ணில் விழுந்தது. கிள்ளான் வருகிற வரைக்கும் அவர் பார்த்தது தன் கைக்குட்டையை மட்டும்தான்.

கிள்ளான் ஸ்டேஷன் வாசலில் இளநீர் விற்றது. "பாப்பாவுக்கு ஒண்ணு வாங்குங்க. வெயிலுக்கு நல்லது" என்றாள் சீதாலெட்சுமி. அய்யாவு வாங்கிக் கொடுத்தார். பெரிய காயாகப் பார்த்து, அவரே பொறுக்கி வாங்கினார்.

போட்டோக் கடை ஒரு சீன மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மரப்படி, மரத்தரை. கூரையில் பெரிய கண்ணாடி பதித்து வெளிச்சத்தை உள்ளே விட்டிருந்தார்கள். கிரிகரி இந்த ஊரிலேயே பிறந்தவர், பேச்சில் ஊர் வழக்கப்படி ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். கழுத்தில் சிலுவை, கையில் எப்போதும் ஒரு துணி.

"வாங்கண்ணே, வாங்கக்கா. ஆனா ஒரு விஷயம் லா. படம் விழற கண்ணாடித் தட்டு ஒண்ணே ஒண்ணுதான் கையில இருக்கு. நேத்து பக்கத்து ஊர் காப்பார்ல ஒரு கல்யாணம், மிச்சமெல்லாம் அங்கேயே தீர்ந்து போச்சு. புதுப் பெட்டி அடுத்த மாசம்தான் வரும்."

"ஒண்ணு போதும்!" என்றார் அய்யாவு. "ஒரே ஆள். ஒரே படம். செவ்வாய்க்கிழமை கப்பல் தபால்ல போகணும்."

கடைக்கென்று ஒரு கோட்டு இருந்தது. கிள்ளான் வட்டாரத்தில் படம் பிடித்துக்கொண்ட அத்தனை ஆம்பிளைகளும் அந்த ஒரே கோட்டுக்குள் புகுந்து வெளியே வந்தவர்கள்தான். ஒல்லிக்கும் குண்டுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக முதுகை நீளக் கிழித்து நாடா வைத்திருந்தார்கள். கிரிகரி இழுத்துக் கட்டினார். முன்னால் பார்த்தால் துரை. பின்னால் பார்த்தால் சரக்கு மூட்டை.

அய்யாவு நாற்காலியில் கால்மேல் கால் போட்டார். பக்கத்தில் முக்காலி, அதன்மேல் ஓடாத கடிகாரம், ஓடாத கடிகாரத்தின்மேல் அவர் கை. மீசையை முறுக்கினார். மன்னார்குடி கண்ணுக்குத் தெரிந்தது.

கிரிகரி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். "எட்டு எண்ணுவேன். ஜாங்கான் கெராக்! அசையவே கூடாது லா. மூச்சுகூட மெதுவா."

அப்போதுதான் சீதாலெட்சுமி பாப்பாவைத் தரையில் இறக்கிவிட்டாள்.

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். அப்பா மீசை தெரிகிறது, அப்பாவைக் காணோம். யாரோ ஒரு கறுப்புக் கோட்டு ஆள் உட்கார்ந்திருக்கிறான். வீல் என்று ஒரு கத்தல். தடதட என்று தவழ்ந்து வந்து அந்த ஆள் காலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கத்தல். மரத்தரை அதிர்ந்தது. காமிராவின் மூன்று காலும் ஆடின.

"அக்கா, பாப்பாவைக் கொஞ்சம் கீழே கூட்டிட்டுப் போங்களேன்."

"கீழே மருந்துக்கடையில ஜாடிக்குள்ளே பாம்பு வச்சிருக்காங்கண்ணே. எனக்குப் பயம்." அய்யாவு பக்கம் திரும்பினாள். "என்னங்க, உங்களைத்தான் தேடுது. ஒரு நிமிஷம் தூக்குங்க, சரியாயிடும்."

தகப்பன் மனசு. அய்யாவு தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "அப்பாடா ராஜாத்தி, அப்பாதாண்டா" என்றார். பாப்பா உடனே அழுகையை நிறுத்தினாள். அவர் மூக்கைப் பிடித்தாள். இரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள்.

அடுத்த நிமிஷம் அய்யாவு மடியில் கிள்ளான் ஆறு ஓடியது.

கோட்டு நனைந்தது. கோட்டைத் தாண்டி சட்டை நனைந்தது. இரண்டையும் கழற்றிக் கிரிகரி ஜன்னலில் போட்டார். மிச்சம் இருந்தது பனியன். பனியனில் இரண்டு ஓட்டை.

"வேற கோட்டு?"

"ஒண்ணுதாண்ணே."

"காயட்டும், காத்திருக்கேன்."

கிரிகரி கூரையைக் காட்டினார். கண்ணாடிக்கு மேலே கிள்ளான் மழைமேகம் எருமைக் கூட்டம் மாதிரி நகர்ந்து வந்துகொண்டிருந்தது. "இன்னும் கால் மணி நேரம்தான் வெளிச்சம் லா. அப்புறம் ஒண்ணும் விழாது."

"பனியனோட ஒரு படம்..." என்று அய்யாவு இழுத்தார்.

"அனுப்புங்க," என்றாள் சீதாலெட்சுமி. "அடுத்த கப்பல்லயே எங்கப்பா எனக்கு டிக்கெட் அனுப்பிடுவார்."

அய்யாவு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டுச் சும்மா போறதா? தட்டும் வீணாப் போயிடும்" என்று சீதாலெட்சுமி மூட்டையை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு குட்டிப் பட்டுப் பாவாடை வந்தது. கொலுசு வந்தது. பவுடர் வந்தது. சீப்பு வந்தது. மை டப்பி வந்தது.

"இதுவா மாத்துத் துணி?"

"மாத்துறதுக்குத்தானே எடுத்து வந்தேன்? பட்டா இருந்தா என்ன, நனையாதா?"

"கண்ணு படும்னு சொன்னேனே சீதா!"

"இத்தாம்பெரிய பொட்டு வைக்கிறேன், பாருங்க." பாப்பா கன்னத்தில் கால் கன்னத்துக்கு ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது.

அய்யாவுக்கு மனசு கேட்கவில்லை. "சரி சீதா, நானும் பின்னால நிக்கிறேன். உன் புடவைத் தலைப்பைக் கொஞ்சம் விரிச்சு விட்டா பனியன் தெரியாது. மூஞ்சி மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"ஐயையோ, மூணு பேரா!" சீதாலெட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நடுவுல இருக்கிறவங்களுக்கு ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நடுவுல பாப்பாங்க!"

கிரிகரி சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். "வேணாம்ணே. எதுக்கு வம்பு."

சொன்னது அய்யாவு வாய். அதைத் திரும்ப விழுங்கவும் முடியவில்லை.

அத்தோடு முடிந்ததா? சீதாலெட்சுமி மடியில் பாப்பா நிற்கவே இல்லை. மீன்குஞ்சு மாதிரி துள்ளினாள். அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். வெளியே இடி இடித்தது.

"அண்ணே, ஒரு வழி இருக்கு," என்றார் கிரிகரி. "சின்னப் பிள்ளைங்களுக்கு நாங்க செய்யறதுதான். நீங்க குந்துங்க. மேலே பட்டுத் திரை ஒண்ணு போத்திடறேன். கையை ரெண்டு பக்கமும் நீட்டிப் பாப்பாவை அணைச்சுப் பிடிங்க. பார்க்கிறவங்களுக்கு மெத்தை வச்ச நாற்காலி மாதிரி இருக்கும்."

"நான் நாற்காலியா!"

"ஆள் தெரிய மாட்டீங்க. அதனால மூணு பேர் கணக்குல வராது லா."

மழையின் முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. அய்யாவு குந்தினார்.

திரைக்குள் ஒரே இருட்டு. பாச்சை உருண்டை வாசனை. முழங்கால்மேல் பாப்பா. வலது பக்கம், அசல் நாற்காலியில், சீதாலெட்சுமி புடவைக் கொசுவத்தைச் சரிசெய்கிற சலசலப்பு. அந்த இருட்டில்தான் அய்யாவுக்கு மூளை வேலை செய்தது. ஒரு இளநீர். பெரிய காய். அதில் சீதா குடித்தது இரண்டே மடக்கு. தான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அப்படியானால் மிச்சம் அத்தனையும்...

"சீதா! நீ வேணும்னே..."

"நாற்காலி பேசக் கூடாது லா!" என்று கிரிகரி கத்தினார். "ஒண்ணு!"

நாற்காலிக்குள்ளிருந்து அப்பா குரல் வந்தது பாப்பாவுக்குப் பிரமாதமாக இருந்தது. கலகலவென்று சிரித்தாள்.

"ரெண்டு! மூணு!"

நாற்காலிக்குத் தும்மல் வந்தது. பல்லைக் கடித்து அடக்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது, கால் மரத்துப்போனது, முழங்கால் சூடாக நனைகிற மாதிரியும் இருந்தது. ஏழு, எட்டு என்றபோது மழை கொட்டியது. நாற்காலி ஒரு தும்மல் போட்டு அப்படியே சாய்ந்தது.

படம் திங்கட்கிழமை சாயங்காலம் ரயில் கார்டு கையில் வந்து சேர்ந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. சீதாலெட்சுமி ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். பாப்பா இரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். அய்யாவு படத்தைப் பார்த்தார், இன்னும் பார்த்தார், கோபித்துக்கொள்ள முயன்றார், முடியவில்லை. "நானும் அதுல இருக்கேன்னு ஒரு வரி எழுதிடு சீதா" என்று மட்டும் சொன்னார். ஆகட்டும் என்றாள்.

மன்னார்குடிப் பதில் வர ஐந்து வாரம் ஆயிற்று. ஒருநாள் அவர் வேலைவிட்டு வந்து செருப்பைக் கழற்றக்கூட இல்லை. சீதாலெட்சுமி கடுதாசியோடு ஓடிவந்தாள்.

"என்னங்க! அப்பா உங்களைத்தாங்க பாராட்டி எழுதியிருக்கார்!"

"என்னையா? படி, படி, மெதுவாப் படி!" அய்யாவு மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

"'படம் கிடைத்தது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. பாப்பா உட்கார்ந்திருக்கிற மெத்தை நாற்காலி போல இங்கே பெரிய பண்ணை வீட்டில்கூடக் கிடையாது. இப்படி ஒரு சாமானைப் பார்த்து வாங்கிய மாப்பிள்ளை கெட்டிக்காரர்தான். ஊர் திரும்பும்போது அதை அங்கேயே விட்டுவிடாமல் கொண்டு வரச் சொல். கூடத்தில் போட்டு நான் உட்கார்ந்துகொள்கிறேன்.'"

அய்யாவு மீசையிலிருந்து கையை எடுத்தார். "நானும் இருக்கேன்னு ஒரு வரி எழுதச் சொன்னேனே?"

"எழுத இடம் இல்லாமப் போச்சுங்க. அதான் இப்ப பதில் போட்டுட்டேனே."

"என்னன்னு போட்டே?"

"கொஞ்சம் பழசுதான்ப்பா, அப்பப்ப முனகும், ஆனா எவ்வளவு பாரம் வச்சாலும் தாங்கும், கட்டாயம் கொண்டு வரேன்னு போட்டுட்டேன்."